நாலு மணி லொறி

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இன்று காலை ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள். கடைக்காரருக்கு எங்கிருந்தோ ஒரு பொட்டலம் கிடைத்திருக்கிறது. வாசலில் கால் வைத்ததுமே மணம் மூக்கில் ஏறியது. சைக்கிளைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "ஐயா! ஏலக்காய்த் தேத்தண்ணி! குடிக்கிறியளோ?" என்று கத்தினார். வாங்குப் பலகையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இந்த ஊரில் என்னோடு எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள். அந்தப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவன் நீ. காரணம் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய். உண்மையான காரணம் உனக்குத் தெரியாது, தம்பி. உன் மகளைக் கூட்டிவர உன் ஊருக்கு நாம் போன அந்தப் பின்னேரத்தைப் பற்றியும், அன்று நான் உனக்குச் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும் எழுத வேண்டும். உனக்கு வாசிக்கத் தெரியாது. உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான்தான் வாசித்துக் காட்டினேன். இதையும் நானே எழுதி நானே வாசிக்க வேண்டியதுதான்.

உன் ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உன் பெயரையும் எழுதவில்லை. இந்தத் தாள் யார் கையில் அகப்படுமோ என்று பயம். ராணுவம் மாறிவிட்டது, வேறு நாட்டுக்காரர்கள் வந்து நிற்கிறார்கள், என் பயம் மட்டும் மாறவில்லை. நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் முழுவதும் உனக்கும் தெரியாது.

நீ எங்கள் வாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தது எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம் முடிந்த கையோடு. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீருக்கு அடிபட்டு, ஆளுக்கு மூன்று ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரராகி, எங்களை நாங்களே பெரிய மனிதர்களாக எண்ணிக்கொண்டிருந்த காலம். தேயிலை மலையிலிருந்து வந்தவர்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயரை எழுதக் கை கூசுகிறது. நீ என் வயலில் கூலிக்கு நின்றாய். நான் கதிரையில் இருப்பேன், நீ முற்றத்து மண்ணில் இருப்பாய். அது முறை என்று நான் நினைத்தேன். நீ என்ன நினைத்தாய் என்று நான் கேட்டதில்லை.

பிறகு எனக்கு மலேரியா வந்தது. மனைவி கண்ணை மூடி இரண்டு வருடம், வீட்டில் ஒருவருமில்லை. நீ என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, துவாயால் உன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, மல்லாவி ஆஸ்பத்திரி மட்டும் உழக்கிக்கொண்டு போனாய். வழி முழுக்க, "ஐயா, தூங்கிடாதீங்க, விழுந்துருவீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். காய்ச்சலில் நான் உன்னை வாயில் வந்தபடி ஏசினேனாம். திரும்பி வந்த அன்று நீ என்னை "அண்ணே" என்றாய். ஏச்சு வாங்கிய உரிமையில்தான் உறவு கொண்டாடினாய் என்று நினைக்கிறேன். அதன் பிறகு என் குசினிக்கு அடுத்த வளவில் நீ குடில் போட்டாய். என் சாப்பாடு உன் மனைவியின் கையால் என்றாகியது.

வேலை முடிந்து வாய்க்காலில் கால் கழுவும்போதெல்லாம் உன் ஊர்ப் புராணம்தான். "அண்ணே, எங்க ஊர நீங்க பாக்கணும். டவுனுக்கு நடுவுல குளம், சுத்தி வரப் பூ. மேல நிமிந்தா தேயில, கீழ குனிஞ்சா ஏலம், மொளகு, கராம்பு. வெள்ளக்காரன் கப்பல் ஏறி வந்து படம் புடிச்சிட்டுப் போறான்." எனக்கு எரிச்சலாக இருக்கும். எங்கள் வன்னியில் நான் ஏறிய அதி உயரமான இடம் குளக்கட்டு. "அவ்வளவு சொர்க்கம் எண்டால் ஏன்ரா ஓடி வந்தனி?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். நீ மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போய்விட்டாய். அன்று இரவு உன் மனைவி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் வாசலில் நின்றார். அப்போதுதான் எனக்கு உன் மகளைப் பற்றித் தெரிந்தது.

கலவரத்தில் உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது பிள்ளைக்கு ஆறு வயது. அம்மை போட்டிருந்தது. தேயிலைக்குள் இரண்டு நாள் ஒளித்திருந்துவிட்டு, வன்னிக்குப் போகிற லொறியடிக்கு வந்தால், அம்மை போட்ட பிள்ளையை ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். உன் மனைவியின் அக்கா இருந்த மேல்தோட்டத்துக்கு நெருப்பு வரவில்லை. "சொகமானதும் வந்து தூக்கிக்கிறோம்" என்று அங்கே விட்டுவிட்டு வந்தீர்கள். சுகமானதும் போக வழியில்லை. உனக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று ஆறு வருடம் போய்விட்டது.

எண்பத்துமூன்று மார்கழியில் அந்தக் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். உன் சகலன் எழுதியிருந்தார். அவர்களுக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்துவிட்டது, பிள்ளையைத் தங்கள் பிள்ளையாகவே பதிந்திருக்கிறார்கள், வருகிற வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தோட்டத்து லொறி தங்களை ரயிலுக்கு ஏற்றிப் போகும், அங்கிருந்து தலைமன்னார், பிறகு கப்பல். பிள்ளை வேண்டுமென்றால் அதற்கு முதல் வந்து கூட்டிப் போகட்டாம். வாசித்து முடித்தபோது நீ என் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆடி மாதம் தெற்கில் தமிழரைக் கொன்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அட்டை இல்லாமல் நீ ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. அட்டையுள்ள ஒரு காணிக்காரன், இவன் என் வேலையாள் என்று கிராமத்து விதானையாரின் கடிதத்தோடு கூட வந்தால் தாண்டலாம். அந்தக் காணிக்காரன் யார் என்று நீ சொல்லவில்லை. உன் மனைவிதான் வாய் திறந்தார். "அண்ணே, வாறேன்னு ஒங்க வாயால ஒரு சொல்லுச் சொல்லுங்க."

வாறன் என்று சொன்னேன். சொன்ன நிமிடத்திலிருந்து எனக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. உனக்கு நினைவிருக்கும்.

ஓமந்தையில் எல்லாரையும் இறக்கினார்கள். விதானையாரின் கடிதம் என் கையில் வியர்வையில் நனைந்து மை பரவியிருந்தது. அதை வாங்கிப் பார்த்த சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். உன் பேச்சைக் கேட்டுவிட்டு, தேயிலைத் தோட்டமா என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். "ஓவ் மாத்தயா" என்று சிங்களத்தில் ஆமென்றாய். எந்த ஊர் என்று கேட்டான், சொன்னாய். அவனுடைய ஊரும் அந்தப் பக்கம்தானாம். "இப்ப நல்ல குளிர்" என்று கையை உரசிக் காட்டிச் சிரித்துவிட்டு நம்மை விட்டுவிட்டான். நீயும் சிரித்தாய். எனக்குப் பல் கிட்டிவிட்டது, பஸ்ஸில் ஏறியும் கனநேரம் வாய் திறக்க முடியவில்லை.

வவுனியாவில் கோயில் மடத்தில் படுத்து, விடியப்புறம் முதல் பஸ் எடுத்தோம். மதவாச்சி தாண்டிச் சிங்களப் பகுதி தொடங்கியதும் ஒரு சொல்லும் தமிழில் பேசக் கூடாதென்று கட்டளை போட்டிருந்தேன். நாம் இருவரும் ஊமைகளாகப் போனோம். மலை ஏறத் தொடங்கியதும் நான் கண்ணை மூடினேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் பின்புறத்தை வெளியே தூக்கிப் போட்டது. நீயோ ஜன்னலால் தலையை நீட்டி, வாயைத் திறந்து, காற்றைக் குடித்துக்கொண்டிருந்தாய். ஏலக்காயும் கராம்பும் சேர்ந்த ஈர மணம் உள்ளே வந்தது. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏறியிருந்தது. கீழே பள்ளம் பச்சையாகக் கிடந்தது. அழகுதான், தம்பி. பயத்தில் இருப்பவனுக்கு அழகைப் பார்த்தால் கோபம்தான் வரும்.

இரண்டு மணிக்கு உன் ஊரில் இறங்கினோம். நீ சொன்ன குளம் இருந்தது, பூவும் இருந்தது. வெள்ளைக்காரச் சோடி ஒன்று ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் கடைவீதியில் ஆறு கடைகள் கூரையில்லாமல், கரிபிடித்து நின்றன. ஒரு கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. நீ என் காதருகே வந்து, "அழகா இல்லியாண்ணே?" என்று கேட்டாய். "வாயை மூடு" என்றேன். சந்தியில் இளந்தாரிகள் கொஞ்சப் பேர் நின்றார்கள். அவர்களைக் கடந்துதான் மலைப்பாதைக்கு ஏற வேண்டும். அவர்கள் கலையும் வரை போகமாட்டேன் என்று நான் பஸ் நிலையத்துக் கக்கூசுக்குள் போய் நின்றுகொண்டேன். நீ வெளியே நின்று நேரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாய், என்னிடம்தானே மணிக்கூடு இருந்தது. முக்கால் மணித்தியாலம் அப்படிப் போனது. கடைசியில் பார்த்தால் அவர்கள் ஒரு சவ அடக்கத்துக்குப் பஸ் பார்த்து நின்றவர்கள்.

மூன்று மணிக்கு ஏறத் தொடங்கினோம். இரண்டு மைல் ஏற்றம். தேயிலைக்குள் புகுந்ததும் நீ பேசத் தொடங்கினாய், இனி உன்னை அடக்க முடியாது என்று விட்டுவிட்டேன். "அண்ணே, பனி மூட்டம் வரும் போல இருக்கு. வந்துருச்சுன்னா நடக்காதீங்க, நின்ன எடத்துல நில்லுங்க. நான் கூவுவேன். நீங்க பதிலுக்குக் கூவணும்." மூட்டம் இறங்கினால் அந்தத் தோட்டத்தில் அதுதான் சட்டம் என்றாய். ஒருவர் கூவ, கேட்டவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகத் திருப்பிக் கூவ வேண்டும். கூட வந்தவர்களில் ஒரு குரல் குறைந்தாலும் மற்றவர்கள் முன்னால் போகக் கூடாது, தேடி எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உன் சின்ன வயதில் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணின் குரல் குறைந்ததைக் கவனிக்காமல் போய்விட்டார்களாம். மூன்றாம் நாள் பள்ளத்தில் கூடையைத்தான் முதலில் கண்டார்களாம். "சண்டக்காரியா இருந்தாலும் கூவுனா பதில் கூவிறணும்ணே. வெளாட்டு இல்ல." சரி சரி என்று சொன்னேன்.

அரைவாசி ஏற்றத்தில் என் முழங்கால் விட்டுவிட்டது. நேரம் மூன்று நாற்பது. நீ இரண்டு அடி முன்னால் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாய், கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி போல. "நீ முன்னுக்குப் போ. பாதை தெரியுதுதானே, நான் பின்னாலை வாறன்" என்றேன். அந்த நேரம் அது நல்ல மனதோடு சொன்னதுதான். நீ ஓடினாய். உன் வெள்ளைச் சேட்டு ஒரு திருப்பத்தில் மறைந்தது. அடுத்த நிமிடம் மூட்டம் இறங்கியது.

எனக்கு அப்படியொன்றை முன்பின் தெரியாது. எங்கள் ஊரில் மார்கழிப் பனி முழங்கால் மட்டத்தில் கிடக்கும், வெயில் வந்தால் போய்விடும். இது என் கையையே எனக்குக் காட்டாமல் மறைத்தது. நின்றேன். அப்போது எனக்குக் கீழே, பாதையில், ஆண்களின் குரல் கேட்டது. சிங்களம். இரண்டு பேர், அல்லது மூன்று பேர். ஏதோ கனமான பொருளைத் தூக்கிவருகிறவர்களின் மூச்சு. கத்தி ஒன்று கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. நான் பாதையை விட்டுத் தேயிலைச் செடிகளுக்கு இடையில் போய்க் குந்திக்கொண்டேன்.

அப்போது நீ கூவினாய்.

அவ்வளவு பெரிய குரல் உன்னிடம் இருந்ததென்று எனக்கு அதுவரை தெரியாது. மலை முழுக்க அது போய் வந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கூவியது. அதற்கு மேலே இன்னொன்று. தூரத்தில் வேறு இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கோ உச்சியில், மெல்லிய குரல் ஒன்று, சின்னப்பிள்ளையின் குரல், ஒரு தரமல்ல, இரண்டு தரம் கூவியது. பிறகு அமைதி. அந்த அமைதி எனக்காகக் காத்திருந்தது. நான் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான். கீழே அந்த ஆண்கள் கிட்ட வந்துகொண்டிருந்தார்கள்.

நீ இரண்டாம் தரம் கூவினாய். நான் துவாயை எடுத்து என் வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

மூன்றாம் தரம் கூவியபோது உன் குரல் முன்னைவிடக் கிட்ட இருந்தது. நீ இறங்கத் தொடங்கிவிட்டாய் என்று விளங்கியது. மேலே போகாமல், உன் சட்டப்படி, குறைந்த குரலைத் தேடிக்கொண்டு வருகிறாய். "அண்ணே! அண்ணே!" என்று செடி செடியாக விலக்கிக்கொண்டு வந்தாய். அந்த நேரத்திலும் நான் சத்தம் போட்டிருக்கலாம். நீ திரும்பி ஓடியிருக்கலாம். மணி மூன்று ஐம்பது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

மூட்டம் கொஞ்சம் விலகியது. பாதையில் வந்த ஆண்கள் என்னைக் கடந்து போனார்கள். மிளகு பறிக்கிறவர்கள். தோளில் மூங்கில் ஏணி, இடுப்பில் கொக்கத்தி. ஒரு கிழவரும் அவருடைய இரண்டு மகன்மாரும். கிழவர் என்னைக் கண்டு, வயிற்றுவலியா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் மேலே லொறி ஹோண் அடித்தது. இரண்டு தரம். பிறகு அதன் சத்தம் மலையின் மறுபக்கமாக இறங்கிப் போனது.

நீ என்னைக் கண்டெடுத்தது அந்தச் சத்தத்தோடுதான். உன் முழங்கை எல்லாம் கீறல். "அண்ணே, கூவுனது கேக்கலியா?" என்று கேட்டாய். உன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கோபம் இல்லை, எனக்கு ஏதும் நடந்துவிட்டதோ என்ற பதற்றம்தான் இருந்தது. "இல்லையடா, கேக்கேல்லை. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன்.

நீ நம்பினாய். அந்த இடத்திலேயே நம்பினாய்.

லயத்தில் அடுப்புச் சூடு ஆறவில்லை. பக்கத்து அறைப் பெண் சொன்னது இன்னும் சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவிருக்கிறது. "இப்பத்தான் போறாங்க. புள்ள கடேசி வரைக்கும் ஏறாம நின்னுச்சு. அப்பா கொரலு, அப்பா கொரலுன்னு ரெண்டு வாட்டி பதிலுக்குக் கூவுச்சு. டிரைவரு திட்டுனாரு. அப்பறம் தூக்கிப் போட்டுட்டாங்க." நீ அந்தப் படியில் இருந்துவிட்டாய். பிறகு எழும்பி, ரயிலடிக்கு ஓடிப்போய்ப் பார்ப்போம் என்றாய். அதையும் நான்தான் தடுத்தேன். "பொழுது படுது. உன்னட்டை அட்டை இல்லை. பிடிச்சால் ரெண்டு பேரையும் முடிச்சுப் போடுவாங்கள்" என்றேன். நான் படித்தவன், விவரம் தெரிந்தவன். நீ கேட்டுக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்ததும் உன் மனைவி பின்னால் யாராவது வருகிறார்களா என்று படலையைப் பார்த்தார். நீ முதலில் சொன்னது மகளைப் பற்றியல்ல. "அண்ணன் மேல தப்பில்ல. அவருக்குக் காது மந்தமாம், நமக்குத்தான் இத்தன நாளாத் தெரியல" என்று சொன்னாய். அதற்குப் பிறகுதான் மகளைப் பற்றிச் சொன்னாய்.

அன்று தொடங்கி நீ என்னோடு கத்திப் பேசினாய். உன்னைப் பார்த்து உன் மனைவி, அவரைப் பார்த்து வாய்க்கால் கரை முழுவதும். ஒரு மாதத்தில் மல்லாவி வரைக்கும் நான் செவிடனாகிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால் அதில் எனக்குச் சுகமும் இருந்தது. கூட்டங்களுக்குக் கூப்பிடமாட்டார்கள். இயக்கப் பொடியள் வந்து ஏதும் கேட்டால், "அவருக்குக் கேக்காது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். என் முன்னால் வைத்தே என்னைப் பற்றிக் கதைப்பார்கள். கஞ்சன், சிடுமூஞ்சி, தனிக்கட்டை. நான் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ மட்டும் ஒரு நாளும் என்னைப் பற்றிக் குறைவாகப் பேசவில்லை. கேட்காத ஆள் என்று நினைத்தும் பேசவில்லை.

ஆமியின் ஹெலி வந்து சுடத் தொடங்கிய காலத்தில் உனக்குக் கூடுதல் வேலை ஒன்று வந்து சேர்ந்தது. சத்தம் கேட்டதும் எல்லாரும் மரத்தடிக்கும் மதகுக்கும் ஓட, நீ என்னைத் தேடி ஓடிவருவாய். தோளில் தட்டி, வானத்தைக் காட்டி, கையைப் பிடித்து இழுத்துப் போவாய். நான் உனக்கு முதலே கேட்டிருப்பேன். என் காது நாய்க்காது, பயந்தவனின் காது அப்படித்தான். ஆனாலும் நீ வந்து தட்டும் வரை நிலத்தைக் கொத்திக்கொண்டு நிற்பேன். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே.

எண்பத்தாறாம் ஆண்டு சிறுபோக அறுவடையில் ஒரு நாள் என்னால் அப்படி நிற்க முடியவில்லை. அன்று ஹெலி மிகப் பதிவாக, பனை உயரத்தில் வந்தது. கையிலிருந்த அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வாய்க்கால் மதகுக்குள் புகுந்தேன். நீ வடக்கு வரம்பில், பாலை மரத்தடியில், பத்திரமாக இருந்தாய். என் வயலைப் பார்த்தாய். என்னைக் காணவில்லை, நெற்கட்டுகளுக்கு இடையில் குனிந்து நிற்கிறேன் என்று நினைத்திருப்பாய். மறைப்பில்லாத வெட்டைக்குள் ஓடிவந்தாய். "அண்ணே! அண்ணே!"

இதை நீ நம்பவேண்டும், தம்பி. இந்தத் தடவை நான் கத்தினேன். மதகுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, "இஞ்சை இருக்கிறன்! ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஹெலியின் இரைச்சலில் அது உனக்குக் கேட்கவில்லை. நீ என் வயலின் நடுவில் நின்று, என்னைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாய். அப்போதுதான் சுட்டார்கள்.

உன் மனைவி இன்னும் எனக்குச் சோறு கொண்டுவருகிறார். "அண்ணே! ரசம் வச்சிருக்கேன்!" என்று கத்துவார். உன் சாவு வீட்டிலும் வந்தவர்களுக்கெல்லாம், "அண்ணனக் காப்பாத்தப் போனாரு, அவருக்குக் கேக்காதுல்ல" என்று அழுதழுது சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மூன்று வாரத்துக்கு முன் உன் மகளின் கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்து திரும்பி வந்த அகதி ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். பதினெட்டு வயது ஆகிவிட்டது. அங்கேயும் தேயிலை மலையில்தான் இருக்கிறாள். பெரியம்மா போய்விட்டாராம். நீ போனது அவளுக்குத் தெரியாது. எழுத்து நல்ல வடிவான எழுத்து. உன் மனைவி என் வாசற்படியில் இருந்துகொண்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நடுவில் ஒரு வரி வந்தது: "அன்று மூட்டத்தில் கூவியது அப்பாதானே? நான் இரண்டு தரம் பதில் கூவினேன். அப்பா ஏன் மேலே வரவில்லை?" அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் உன் மனைவி கடிதத்தைக் கொண்டுவருவார். "இன்னொருக்கா வாசிங்கண்ணே!" ஒவ்வொரு பின்னேரமும் அதே இடத்தில் அதே வரியைத் தாண்டினேன். பதில் எழுதவேண்டும் என்று அவர் கேட்பார், நாளைக்கு என்பேன். இருபது நாள். இன்று காலை அந்த ஏலக்காய் மணத்துக்குப் பயந்து ஓடிவந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்னேரம் அவர் வந்தார். வாசித்தேன். அந்த இடம் வந்ததும் தாண்டவில்லை.

"என்னண்ணே? இது நேத்து இல்லியே!" என்று கத்தினார்.

"தங்கச்சி, மெதுவாக் கதையுங்கோ. எனக்குக் காது கேக்கும். எப்பவும் கேட்டது" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டம், துவாய், மணிக்கூடு, மதகு. சொல்லும்போது அவர் அழுவார், மண்ணை வாரித் தூற்றுவார், ஊரைக் கூட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. வாசற்படியிலிருந்து எழும்பி வந்து எனக்கு முன்னால் இருந்தார். பிறகு, "பேனா எடுங்க" என்றார். அத்தனை மெதுவாக அவர் என்னோடு பேசி ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பா வந்தாரு. ஒன் கொரலும் அவரு காதுல விழுந்துச்சு. கூட வந்தவரு பதில் கூவல, அவரத் தேடித் திரும்பிட்டாரு. மூணு வருசத்துக்கு முந்தி செத்துட்டாரு, அப்பவும் அவரத் தேடித்தான் போனாரு. இங்கே நிறுத்தினார். நான் பேனாவைத் தாளிலிருந்து தூக்கினேன். "இன்னும் இருக்கு, எழுதுங்க. அந்த மனுசன்தான் இந்தக் கடுதாசிய எழுதுறாரு."

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். "அப்படித்தான் எழுதியிருக்கா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்காத கேள்வி அது. ஓம் என்றேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்டக் குடுத்து வாசிச்சுப் பாத்துட்டுத்தான் தபால்ல போடுவேன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். படலையைச் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை.

டீச்சர் வாசித்தால் நாளை மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்குச் சோறு வருமோ தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. கூட்டத்துக்கு, ஹெலிக்கு, ஆமிக்குப் பயந்ததைவிட அந்தப் பிள்ளை எழுதப் போகும் பதிலுக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் உன் மனைவி கொண்டுபோன கடிதத்தில் இருப்பது உண்மைதான். இந்தத் தாளில் இருப்பதும் அதேதான். நீ யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாலும் மாறாது.